எட்மண்ட் அலுமாரிக் கதவைச் சாத்திய இடம்

முள்ளியவளைப் பக்கம் 8ஆம் தரத்துக்குப் படிப்பிக்கிற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. வெள்ளிக்கிழமை வாசிப்பு நேரத்தில் சி. எஸ். லூயிஸின் சிறுவர் நாவலை, அதாவது சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும் வருகிற நார்னியாக் கதையை, ஆங்கிலத்தில் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லி முடித்திருக்கிறார். பாத்திரங்களைப் பற்றிக் கதைப்போம் என்று தொடங்கினால், "எட்மண்ட் துரோகி, அவன் ஒரு காக்கைவன்னியன்" என்று வகுப்பு ஒரே சொல்லில் முடித்துவிடுகிறதாம். மற்றவர்களைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லையாம். இதை இரண்டாம் தரம் வாசிப்பதில் பயனுண்டா, வாசித்தால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

வாசியுங்கள் தங்கச்சி, கட்டாயம் வாசியுங்கள். இந்தக் கதையை முதல் தரம் வாசிக்கிறவர் அடுத்து என்ன நடக்கும் என்ற அவதியில் ஓடிவிடுவார். பாத்திரங்கள் எல்லாம் இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் படும். கிளிநொச்சிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் பிள்ளைகளோடு இதை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறொரு வரியில்தான் நின்றோம்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யுத்த காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு சகோதரங்கள்: பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி. ஒரு வயதான பேராசிரியரின் பெரிய வீட்டில் இருக்கிற அலுமாரி வழியாக நார்னியா என்ற நாட்டுக்குள் போகிறார்கள். அங்கே வெள்ளைச் சூனியக்காரியின் ஆட்சியில் நூறு வருடமாக உறைபனி. எட்மண்ட் அவளிடம் போய்ச் சேர்ந்து மற்ற மூவரையும் காட்டிக்கொடுக்கிறான். அஸ்லான் என்ற சிங்கம் அவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்து, பிறகு உயிர்த்தெழுகிறது. 1950இல் வெளிவந்த, 17 அதிகாரம் கொண்ட சின்னப் புத்தகம். இப்போது வருகிற பதிப்புகளில் இதற்கு இரண்டாம் இலக்கம் போட்டிருப்பார்கள். எழுத்தாளர் முதலில் வெளியிட்டது இதைத்தான், பிள்ளைகளுக்கும் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கதைப்போம். வன்னிப் பிள்ளைகள் எட்மண்டைக் காக்கைவன்னியன் என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. வெள்ளையரை எதிர்த்து நின்ற வன்னி அரசன் பண்டாரவன்னியனின் நாடகம் பார்த்து வளர்ந்த மண் இது. 1803இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் நினைவுக்கல் நாட்டப்பட்டது உங்களுக்குக் கிட்டவுள்ள கற்சிலைமடுவில்தான். நாடகத்தில் அவனைக் காட்டிக்கொடுக்கிற காக்கைவன்னியன் மேடைக்கு வந்த உடனேயே சனம் கூச்சல் போடும். ஆனால் காக்கைவன்னியன் எப்படி அப்படியானான் என்று யாரும் நின்று கேட்பதில்லை, நாடகத்துக்கு அது தேவையுமில்லை. லூயிஸ் இந்த நாவலில் அதைத்தான் படிப்படியாகக் காட்டுகிறார். உங்கள் வகுப்பை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கினாலே போதும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். துரோகி என்பது நமது ஊர்களில் வெறும் கதைப்புத்தகச் சொல் இல்லை. அந்தச் சொல் எறியப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே பேசாமல் இருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் "எட்மண்ட் துரோகியா இல்லையா" என்று கரும்பலகையில் எழுதி வாதம் நடத்த வேண்டாம். "இந்த இடத்தில் எட்மண்ட் என்ன செய்தான், அதற்கு முன்னால் என்ன நடந்தது" என்று மட்டும் கேளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் முதலாம் அதிகாரத்தின் முதல் இரவு. யுத்தத்தைப் பற்றி எழுத்தாளர் ஒரே ஒரு வசனம்தான் சொல்கிறார், பிறகு வாயே திறப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் புதுவீட்டுக்கு வந்திறங்கிய அன்று இரவு ஒரு சின்னச் சண்டை வருகிறது. எட்மண்டுக்குக் களைப்பு. களைப்பில்லாத மாதிரிக் காட்டிக்கொள்கிறான், அப்படிக் காட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்குச் சினம் வரும் என்று கதை சொல்கிறது. சூசன் "நீ படுக்கிற நேரமாகிவிட்டது" என்கிறாள். அவன் சீறி விழுகிறான்: அம்மா மாதிரிக் கதைக்கப் பார்க்கிறாயா, என்னைப் படுக்கச் சொல்ல நீ யார்?

இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் ஓடி ஓடி வாசித்துப் போயிருக்கிறேன். ஒரு நாள் திடீரென்று 1996 நினைவுக்கு வந்தது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அம்மா அம்மம்மாவைக் கூட்டிவர அக்கராயனில் நின்றுவிட்டார், இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். நான் தம்பிக்குப் பாயை விரித்து "படடா" என்றேன். சைக்கிள் பாரில் இருந்து இருந்து கால் விறைத்துப் போயிருந்தவன், "நீ என்ன அம்மாவோ?" என்று ஊரே கேட்கக் கத்தினான். எனக்கும் கோபம், அடித்துவிட்டேன். அவன் கத்தியதற்குக் காரணம் நான் இல்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. எட்மண்டின் முதல் சண்டையும் சூசனோடு இல்லை. பக்கத்தில் இல்லாத அம்மாவைத்தான் அவன் கேட்கிறான். அவன் கெட்ட பிள்ளை என்று வகுப்பு முடிவுகட்டுமுன் அந்த அரைப் பக்கத்தை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். இடம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த அப்பா அம்மாவின் பிள்ளைகள் இவர்கள், தாங்களாகவே கதைக்கத் தொடங்குவார்கள்.

இது எழுத்தாளர் கற்பனையில் மட்டும் கண்டதல்ல. 1939 செப்டம்பர் 1ஆம் திகதி பிரித்தானிய நகரங்களிலிருந்து பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முதல் சில நாளிலேயே சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள். ஒக்ஸ்போர்ட்டில் லூயிஸின் வீட்டிலும் அப்படி வந்த பள்ளிச் சிறுமிகள் தங்கினார்கள். இன்னொருவர் வீட்டில் சாமான்களைத் தொடாமல், சத்தம் போடாமல் இருக்க வேண்டிய பிள்ளைகளை அவர் கிட்ட நின்று பார்த்தவர். கதையில் வருகிற வீட்டுப் பொறுப்பாளர் மக்றீடி அம்மாவைப் பாருங்கள். வீட்டைப் பார்க்க விருந்தாளிகள் வந்தால் பிள்ளைகள் வழியில் நிற்கக்கூடாது என்பது அவவின் சட்டம். அவவின் காலடிச் சத்தத்துக்குப் பயந்துதான் நால்வரும் ஒன்றாக அலுமாரிக்குள் ஏறுகிறார்கள்.

சரி, இப்போது கதவு. லூசி முதலில் அலுமாரிக்குள் போகும்போது கதவைத் திறந்தபடி விடுகிறாள். அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்துவது மடத்தனம் என்று அவளுக்குத் தெரியும் என்கிறது கதை. எட்மண்ட் போகும்போது அதை மறந்து கதவைச் சாத்திவிடுகிறான். பிறகு பீட்டர் கதவைக் கையால் பிடித்து மறைக்கிறான், ஆனால் பூட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க எழுத்தாளர் சொன்ன எச்சரிக்கை என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். அது எச்சரிக்கைதான். ஆனால் மூன்று பேரின் குணமும் அந்த ஒரு கதவிலேயே இருக்கிறது. லூசி எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் வழியை வைத்துக்கொண்டே போவாள். எட்மண்ட் தங்கச்சியைத் துரத்திப் பிடித்துக் கேலி செய்யும் அவசரத்தில் வழியை அடைத்துக்கொண்டு போவான். உங்கள் வகுப்பில் இதைக் கேள்வியாகக் கேட்காமல், மூன்று இடத்தையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்.

பிறகு அந்த இனிப்பு. எட்மண்ட் ஒரு பெட்டி இனிப்புக்காகக் கூடப்பிறந்தவர்களை விற்றுவிட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். வடிவாக வாசித்தால் முதலில் வருவது இனிப்பில்லை, குளிர். பனிக்குள் மெல்லிய உடுப்போடு நடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைச் சூனியக்காரி தன் சறுக்குவண்டியில் ஏற்றித் தன் போர்வைக்குள் எடுக்கிறாள். சுடச்சுடக் குடிக்கக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகே "என்ன சாப்பிட விருப்பம்" என்று கேட்கிறாள். அவன் சாப்பிடச் சாப்பிட அவள் கேள்வி கேட்கிறாள். எத்தனை பேர் நீங்கள், தங்கச்சி யாரைச் சந்தித்தாள், எங்கே? அவன் வாய் நிறைய இனிப்போடு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். காட்டிக்கொடுக்கிறேன் என்று அவனுக்கு அப்போது தெரியவே தெரியாது. தகவல் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய இன்னொரு சிறுவர் கதையை நான் வாசித்ததில்லை.

அந்த இனிப்பு துருக்கி நாட்டுப் பண்டம். மாவும் சீனியும் காய்ச்சி, வாயில் வழுக்கும் பதத்தில் துண்டு போட்டது. நமது மஸ்கற் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். இங்கே ஒரு விஷயம் முக்கியம். பிரித்தானியாவில் 1942 முதல் 1953 வரை இனிப்புப் பண்டங்களுக்குப் பங்கீடு இருந்தது, நடுவில் 1949இல் சில மாதம் மட்டும் தளர்த்தினார்கள். அப்படியென்றால் 1950இல் இந்தப் புத்தகத்தை முதல் முதல் வாசித்த பிள்ளை கூப்பன் வைத்து இனிப்பு வாங்கிய பிள்ளை. பெட்டி நிறைய இனிப்பு என்று வாசித்ததும் அதற்கு வாய் ஊறியிருக்கும். எட்மண்டைக் குற்றம் சொல்ல அதற்கு முதலில் மனம் வந்திராது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தவர்கள் உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இருப்பார்கள். "அப்போது யாராவது ஒரு கிலோ சீனி தந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்" என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பதில்களோடு நாலாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள்.

இதற்காக எட்மண்டைக் கழுவித் துடைத்து நல்லவனாக்கத் தேவையில்லை. எழுத்தாளரும் அதைச் செய்யவில்லை. நார்னியாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தபிறகும், லூசி சொன்னதெல்லாம் வெறும் விளையாட்டு என்று மற்றவர்கள் முன்னால் சொல்லி அவளைப் பொய்க்காரி ஆக்குகிறான். அது குளிரோ பசியோ செய்த வேலையில்லை. சூனியக்காரி கெட்டவள் என்பது அவன் மனதின் அடியில் அவனுக்குத் தெரிந்தே இருந்தது என்றும் கதை சொல்கிறது. லூசி அழுத அந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கோபம் வரட்டும். அது நியாயமான கோபம்.

பீட்டரைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை என்றார்களா? அவனில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசனம் இருக்கிறது. எட்மண்டின் பொய் வெளிப்பட்டதும் பீட்டர் எல்லோர் முன்னாலும் அவனைக் கேவலமாகப் பேசுகிறான். பேசியதில் பிழையில்லை. ஆனால் அந்த நிமிடத்தில்தான் எட்மண்ட் "இருங்கள், உங்களுக்குக் காட்டுகிறேன்" என்று மனதுக்குள் கறுவுகிறான். பல அதிகாரம் கழித்து அஸ்லானின் முன்னால் நிற்கும்போது, எட்மண்ட் எங்கே என்ற கேள்வி வருகிறது. காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பீவர் சொல்கிறது. அப்போது பீட்டர், யாரும் கேட்காமலே, அதில் எனக்கும் பங்குண்டு, நான் கோபப்பட்டது அவன் பிழையான வழியில் போக உதவியிருக்கும் என்று சொல்கிறான். அஸ்லான் அவனைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறது. மூத்த பிள்ளையாக வளர்ந்த யாருக்கும் அந்தப் பார்வை விளங்கும். பீட்டர் பிறகு வாளெடுத்து ஓநாயைக் கொல்கிறான், அரசனாகிறான். என் கணக்கில் அவன் மூத்தவனானது இந்த இடத்தில்தான்.

பீவர் என்றதும் ஒரு சின்னக் குறிப்பு. அதை நீர்நாய் என்று சொல்லிவிடாதீர்கள். நமது குளங்களில் மீன் பிடிக்கிற நீர்நாய் வேறு, ஆற்றை மறித்து மரத்தால் அணை கட்டுகிற பீவர் வேறு. அணையைக் கட்டிவிட்டு அதைப் பற்றி அடக்கமாகப் பேசுகிற அந்தப் பீவரை, குளக்கட்டோடு வாழ்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். நல்ல மனிதர் மாதிரித்தான் அது. ஆனால் அதன் வாயிலும் ஒரு வசனம் வருகிறது. எட்மண்ட் போனபிறகு, அவனைக் கண்ட உடனேயே தெரியும், அவளின் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களின் கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்கிறது. தெரிந்திருந்தால் ஏன் முன்னமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? என் வாசிப்பு வட்டத்தில் ஒரு பெடியன் இந்தக் கேள்வியைக் கேட்டான், நாங்கள் அன்று முழுக்க அதையேதான் கதைத்தோம். கண்ணைப் பார்த்துச் சொல்கிற சாட்சியத்தை நமது ஊர்களும் கேட்டிருக்கின்றன. அதை நம்புவதா என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

எட்மண்டுக்கு முன்னமே இன்னொருவர் காட்டிக்கொடுக்கிற வேலையில் இருந்தார், கவனித்தீர்களா? டம்னஸ். மேலே மனிதர், இடுப்புக்குக் கீழே ஆட்டுக்கால். லூசியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, முட்டையும் தேனும் கேக்கும் கொடுத்து, நித்திரையாக்கிச் சூனியக்காரியிடம் ஒப்படைப்பதுதான் அவர் வாங்கிய சம்பளத்துக்கு வேலை. இடையில் அழுதுவிடுகிறார், உண்மையைச் சொல்லி அவளை வழியனுப்பிவிடுகிறார். இரண்டு விருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒன்று பிள்ளையைப் பிடிக்க வைத்த விருந்து, நடுவில் உண்மையாகிவிடுகிறது. மற்றது கடைசிவரை பொறிதான். டம்னஸின் வீட்டுச் சுவரில் அவர் தகப்பனின் படம் தொங்குகிறது, என் அப்பா இப்படியொரு வேலை செய்திருக்கமாட்டார் என்று அதைப் பார்த்துத்தான் அவர் அழுகிறார். பிள்ளைகள் மறுபடி அங்கே போகும்போது கதவு உடைந்து, கோப்பைகள் நொருங்கி, அந்தப் படம் கத்தியால் கிழிந்து கிடக்கிறது. திரும்பி வந்து தன் வீட்டுச் சுவரைப் பார்த்த எந்த வன்னிச் சனத்துக்கும் இந்த இடத்தில் விளக்கம் வேண்டாம்.

உறைபனியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதும் பெரிய கேள்விதான். பாடப்புத்தகத் தமிழில் மாரி காலம் என்று போடுவார்கள். வன்னியில் மாரி என்றால் குளம் நிரம்பும், காலபோகம் விதைக்கும் காலம். "நூறு வருடம் ஓயாத மாரி" என்றால் ஒரு கமக்காரர் வீட்டுப் பிள்ளை சந்தோசப்படும், அல்லது வெள்ளத்தை நினைக்கும். சூனியக்காரியின் சாபத்தை முடியாத கோடையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். குளம் வெடித்து, பாலைமரமும் இலை சுருண்டு, நூறு வருடமாகக் கார்த்திகை வராத கோடை. பிறகு பனி உருகும் இடம் வரும்போது, துருசு திறந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் சலசலத்து வரும் சத்தத்தைச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தை முதலில் கேட்கிறவன் யார் தெரியுமா? சூனியக்காரியோடு இழுபட்டுப் போகிற எட்மண்ட். ஏனென்று தெரியாமலே அவன் மனம் துள்ளுகிறது. அதிசயத்தை நம்ப வைப்பதற்கு நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அலுமாரிக்குள் காடு இருப்பதைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

லூசி, சூசன் இருவரையும் பற்றிச் சுருக்கமாக. லூசி நல்ல பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். தான் சொன்னதை வீடே நம்பாதபோதும், "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஒரு வசனம் சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவளின் துணிவு அங்கே இருக்கிறது. சூசன் பயப்படுகிறவள், வீட்டுக்குப் போவோம் என்பவள், ஆனால் குளிருக்கு அலுமாரியில் தொங்கும் கோட்டுகளை எடுத்துப் போடலாம் என்று யோசிக்கிறவளும் அவள்தான். டம்னஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும், வராமலே இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே, அவருக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்கிறாள். பயத்தோடு வருகிறவர்களைக் கோழை என்று யாரும் சொன்னால் இந்த இடத்தைக் காட்டுங்கள். பெண்கள் சண்டைக்குப் போவது அழகில்லை என்ற கருத்தில் நத்தார் தாத்தா சொல்கிற வரிக்கு உங்கள் பெண்பிள்ளைகள் முறைப்பார்கள். அதை மழுப்ப வேண்டாம், அந்தக் காலத்து ஓர் ஆண் எழுத்தாளரின் எண்ணம் என்று நேராகச் சொல்லுங்கள். அதே இடத்தில் மூன்று பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கிறது, எட்மண்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இனி 11ஆம் அதிகாரம். நேரமில்லையென்றால் மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது வாசியுங்கள். காட்டுக்குள் ஒரு மரத்தடியில் அணில் குடும்பமும் ஒரு கிழட்டு நரியும் இன்னும் சிலரும் இருந்து சந்தோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சூனியக்காரி கோலை ஓங்குகிறாள். "வேண்டாம், வேண்டாம்" என்று எட்மண்ட் கத்துகிறான். கத்தி முடியுமுன் எல்லோரும் கல். முள்ளுக்கரண்டி வாய்க்குப் போகிற வழியிலேயே கல்லாகி நிற்கிறது. துரோகிகளுக்கும் உளவாளிகளுக்கும் பரிந்து பேசுவாயா என்று கேட்டு அவள் அவன் முகத்தில் அறைகிறாள். துரோகி என்ற சொல் இந்த இடத்தில் யாருடைய வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்று பாருங்கள். விருந்து சாப்பிட்ட அணில் குஞ்சுகளை நோக்கி வருகிறது. அந்தக் கல்லுருவங்கள் இரவும் பகலும் அப்படியே இருந்து, பாசி பிடித்து, முகம் தேய்ந்து போகும் வரை இருக்கப்போகின்றன என்று எட்மண்ட் நினைக்கிறான். இந்தக் கதையில் முதல் தடவையாகத் தன்னைத் தவிர இன்னொருவருக்காக அவன் மனம் வருந்தியது என்று எழுத்தாளர் சொல்கிறார். அஸ்லானைக் காணுமுன்னமே, யாரும் புத்தி சொல்லாமலே, கன்னத்தில் அறை வாங்கியபடி அவன் மாறத் தொடங்கிவிட்டான்.

அவனை மீட்டுக்கொண்டு வந்தபிறகு அஸ்லான் அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுகிறது. என்ன பேசியது என்று யாருக்கும் தெரியாது, கதை சொல்லவுமில்லை. திரும்பி வந்து மற்றவர்களிடம், இதோ உங்கள் சகோதரன், நடந்ததைப் பற்றி அவனோடு பேசத் தேவையில்லை என்கிறது. எட்மண்ட் ஒவ்வொருவராகக் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். எல்லோருக்கும் அவனிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல ஆசை, ஒருவருக்கும் ஒன்றும் வாயில் வரவில்லை. நமது ஊர்களில் திரும்பி வந்து பக்கத்துப் பக்கத்துக் காணியில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் கேட்காமலே விட்ட கேள்விகள் எத்தனை இருக்கின்றன. அந்த மௌனம் நல்லதா கெட்டதா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த அரைப் பக்கத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் வகுப்புக்கு ஒரு கேள்வி. சண்டை முடிந்து எட்மண்ட் காயத்தோடு கிடக்கும் இடத்துக்குப் பிறகு, அஸ்லான் அவனுக்காக உயிர் கொடுத்தது அவனுக்குத் தெரியுமா என்று லூசி சூசனிடம் குசுகுசுக்கிறாள். தெரியாது, சொல்லவும் கூடாது, அவனால் தாங்க முடியாது என்கிறாள் சூசன். எனக்கென்றால் சொல்லத்தான் வேண்டும் என்கிறாள் லூசி. அதற்குள் யாரோ குறுக்கிட, பேச்சு நின்றுவிடுகிறது. முடிவை எழுத்தாளர் நமக்குத் தரவில்லை. சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், பெயர் போடாமல். என் வட்டத்தில் 14 பேரில் 9 பேர் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். வேண்டாம் என்ற ஐந்து பேரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு பாடவேளை போதாது தங்கச்சி, இரண்டை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எழுதியவற்றை நீங்களே உரத்து வாசியுங்கள், பிள்ளைகளைக் கொண்டு வாசிக்க வைக்க வேண்டாம்.